தலையாட்டத் தெரியாத லிஃப்ட் அண்ணன்

அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் தட்டச்சு வேலை பார்த்த ஒரு பெண், ஒருநாள் லிஃப்டுக்குள் வந்து நின்றாள். அதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது. கண் நிறையத் தண்ணீர். இமைத்தால் கொட்டிவிடும். கீழே வரவேற்பறையில் எப்போதும் கூட்டம் இருக்கும். லிஃப்ட் கதவு திறந்தால் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் ஓரமாக, துவைத்து இஸ்திரி போட வாங்கிய அழுக்குத் திரைச்சீலை மூட்டையோடு நின்றிருந்தேன்.

லிஃப்ட் இறங்கத் தொடங்கியதும், அதை ஓட்டுகிற லிஃப்ட் அண்ணன் ஒரு பொத்தானை அழுத்தினார். இரண்டு மாடிக்கு நடுவில் அது நின்றுவிட்டது.

"அடடா, மறுபடி மக்கர் பண்ணுது. ஒண்ணுமில்லம்மா, தானா சரியாயிடும்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, முக்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, இந்தத் தகட்டுல என்னமோ எழுதியிருக்கே, எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை. படிச்சுச் சொல்லேன்."

நானும் சுவர்ப் பக்கம் திரும்பி, இத்தனை பேருக்கு மேல் ஏறக்கூடாது, குழந்தைகளைத் தனியே அனுப்பக்கூடாது என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். எனக்கு வேகமாகப் படிக்க வராது. நான் படித்து முடிப்பதற்குள் அந்தப் பெண் முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு நிலைக்கு வந்திருந்தாள். லிஃப்டும் சரியாகிவிட்டது. அண்ணனுக்குக் கண் பழுதில்லாமல் தெரியும் என்பதும், அந்த லிஃப்ட் அப்படி நிற்கிற லிஃப்ட் இல்லை என்பதும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

நான் அந்தக் கட்டடத்துக்குப் பின்தெருவில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் அதே கட்டடத்தில் தண்ணீர் மோட்டாரையும் ஜெனரேட்டரையும் பார்த்துக்கொண்டவர். அங்கே எல்லாரும் அவரை மோட்டார் என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் அண்ணன் அவரைவிடக் கொஞ்சம் மூத்தவர். இருவருக்கும் ஒரே கம்பெனியில்தான் சம்பளம்.

அண்ணன் அந்த இடத்துக்கு முதலில் வந்தது செங்கல் சுமக்க. கட்டி முடித்ததும் மற்றவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள், இவர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டார். "அப்ப நான் கட்டடத்தைச் சுமந்தேன், இப்ப அது என்னைச் சுமக்குது," என்பார். பொத்தானை நாங்களே அழுத்திக்கொள்ள மாட்டோமா, உங்களுக்கு எதற்குச் சம்பளம் என்று யாராவது சீண்டினால், "தாராளமா அழுத்துங்க. தப்பான மாடிக்குப் போனா திட்டுறதுக்கு ஒரு ஆளு வேணுமே, அதுக்குத்தான் என்னை வச்சிருக்காங்க," என்று சிரிப்பார். குறையே இல்லாத மனிதர் என்று நான் சொன்னால் அது பொய். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் அறையில் கேரம் ஆடுவார்கள். அதில் அவர் ஆடுவது கள்ளாட்டம். முழங்கையால் காயை நகர்த்திவிட்டு முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொள்வார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்கு நடிக்கவே வராது. புரியாததைப் புரிந்த மாதிரி காட்டிக்கொள்ள அவரால் முடியாது. எதிரே இருப்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், புரியவில்லை என்றால் "இன்னொரு தரம் சொல்லுங்க" என்பார். மறுபடியும் புரியாவிட்டால் மறுபடியும் கேட்பார். கட்டடத்தில் பாதிப் பேர் அவருக்குக் காது மந்தம் என்றே நினைத்திருந்தார்கள்.

அண்ணிக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டரிடம் போன கதையை அண்ணியே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். டாக்டர் மளமளவென்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்துவிட்டாராம். இவர் எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், இன்னொரு தரம் சொல்லுங்க."

"காது கேக்காதா உங்களுக்கு?"

"காது நல்லாவே கேக்குது. மண்டைக்குள்ளதான் போகலை."

டாக்டர் முறைத்துக்கொண்டே திரும்பச் சொல்லியிருக்கிறார். வெளியே வந்ததும் அண்ணி பிடித்துக்கொண்டார்.

"மானத்தை வாங்கிட்டீங்க. அத்தனை பேரு பாக்குறாங்க."

"மானத்தை நீயே வச்சுக்கோ. அந்த வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? சொல்லு பாப்போம்."

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தில் அண்ணி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்.

என் வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். மோட்டாரைப் பற்றி ஒரு சந்தேகமும் அவருக்கு வராது. மேசைக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்து பேசினால் மட்டும் அவருக்கு எதுவும் காதில் ஏறாது. ஏறவில்லை என்று சொல்லக் கூச்சம். அதனால் தலை தானாக ஆடும். வீட்டுக்கு வந்து "என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டால், "எல்லாம் நல்லபடியாத்தான் சொன்னாங்க" என்பார்.

அவருக்குச் சர்க்கரையும் உண்டு, ரத்த அழுத்தமும் உண்டு. முன்பு ஒருமுறை காலில் பட்ட காயம் ஆறாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கம்பெனி கொடுத்திருந்த மருத்துவக் காப்பீட்டு கார்டைக் காட்டினோம், ஒரு காசு கேட்காமல் வைத்தியம் பார்த்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து அந்த கார்டை நான் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். விளக்கேற்றும்போது அதற்கும் சேர்த்துத்தான் கும்பிடுவேன். அதில் அவர் முகம் இருக்கிறது, அவர் பெயர் இருக்கிறது. அப்படியென்றால் அது அவருடையதுதானே, அவர் இருக்கும் காலம் வரைக்கும் கூடவே வரும் என்று நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். வேலையோடு சேர்ந்து அதுவும் போய்விடும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

யாரிடமாவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அந்த மோட்டார் அறையில் ஓய்வு என்ற பேச்சையே யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தால், "என்ன, என்னை அனுப்பிட்டு என் நாற்காலியில உக்காரப் பாக்குறியா?" என்று கேலி வரும். அதனால் அவரவர் ஓய்வை அவரவரே வாயைத் திறக்காமல் நெருங்குவார்கள்.

அவர் ஓய்வு பெறப் போகிற மாதத்துக்கு முந்தின மாதம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் அண்ணனும் அண்ணியும் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் அதற்கு முந்தின வருடமே ஓய்வு பெற்றிருந்தார். டீயை ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"மோட்டாரு, கார்டுக்கு என்ன ஏற்பாடு பண்ணினே?"

"எந்த கார்டு அண்ணே?"

"ஆஸ்பத்திரி கார்டு. வேலைய விட்டா அதுவும் நின்னுடுமே. கணக்கு மேடம் கூப்பிட்டுச் சொல்லலையா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"கூப்பிட்டாங்க. என்னமோ சொன்னாங்க," என்றார்.

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன்."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தார். "இவரு கேட்டுக் கேட்டே உயிரை எடுப்பாரு. நீங்க கேக்காமலே எடுக்கிறீங்களே தம்பி."

சர்க்கரைக்காரருக்கு வயதான காலத்தில் என்னவெல்லாம் வரும் என்று இஸ்திரிக் கடைக்கு வருகிறவர்களின் பேச்சிலேயே நான் நிறையக் கேட்டிருக்கிறேன். கார்டு இல்லாமல் இன்னொரு தடவை அவர் படுத்தால், இருக்கிற கடையும் போகும், அவரும்... அதற்கு மேல் நினைக்க மனசை நான் விடவில்லை. ஆண்டவனே என்று சொல்லி அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

"நீங்க என்ன பண்ணினீங்க அண்ணே?" என்று கேட்டேன்.

"நான் கடைசி நாளுக்கு முன்னாடியே ஒரு ஏற்பாடு பண்ணிட்டேன். கம்பெனி கார்டு குடுத்த அதே இன்சூரன்ஸ் ஆபீஸுலதான். என்ன ஏற்பாடுன்னு இப்ப மறந்துபோச்சு."

"மறக்கலைன்னாத்தான் அதிசயம்," என்றார் அண்ணி.

"மறந்தா என்ன, போய்க் கேட்டா திரும்பச் சொல்லப்போறாங்க. அவங்க வேலையே அதுதானே?" என்றார் அண்ணன். அந்த வாரமே இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போகலாம் என்று பேசி முடித்தோம்.

ஆனால் என் வீட்டுக்காரருக்குப் பதற்றம் வந்தால் ஒரு இடத்தில் இருக்க மாட்டார். மறுநாளே வேலை முடிந்து வரும்போது ஒரு ஏஜெண்டுத் தம்பியைக் கையோடு அழைத்து வந்துவிட்டார். கழுத்தில் டை, கையில் பை, வாயில் ஓயாத பேச்சு. நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தான். இருந்தாலும் எனக்கு என்னமோ சரியாகப் படவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஃபோனை வாங்கி அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் வந்து சேருவதற்குள் பாதிப் பாலிசி முடிந்துவிட்டது.

"புது பாலிசி சார். பிரீமியம் ரொம்பக் கம்மி. உங்க வயசுக்கு இந்த விலையில வேற யாரும் தர மாட்டாங்க," என்றான். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். "சர்க்கரை, பிரஷரெல்லாம் இருக்கா சார்?"

"இருக்கு தம்பி."

"அதை எழுத வேணாம். எழுதினா பிரீமியம் ஏறிடும். இல்லைன்னே போட்டுடலாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

தலை ஆடியது. வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அண்ணன் அப்படியே நின்றார்.

"தம்பி, அதை மட்டும் இன்னொரு தரம் சொல்லுங்க."

"எதை சார்?"

"இல்லைன்னு போட்டா?"

"பிரீமியம் கம்மியாகும்."

"அப்புறம் இவனுக்கு சர்க்கரையால ஏதாவது வந்து ஆஸ்பத்திரிக்குப் போனா?"

"அது... உடனே கிளெய்ம் பண்ணாம இருக்கிறது நல்லது சார். கொஞ்சம் வருஷம் போகட்டும்."

"நோயி வருஷம் பாத்து வருமா தம்பி? சரி, இன்னொரு தரம் சொல்லுங்க. அவங்க பழைய ரிப்போர்ட்டைக் கேட்டா?"

"கேட்டா குடுக்கணும்."

"குடுத்தா?"

ஏஜெண்டுத் தம்பி பையின் ஜிப்பைத் திறந்து மூடினான். அண்ணன் குரலில் சண்டை இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு புரியாத பிள்ளை கேட்பது மாதிரிதான் கேட்டார். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"மறைச்சிட்டாங்கன்னு சொல்லி பணம் தர மாட்டாங்க சார். பாலிசியையே ரத்து பண்ணவும் செய்வாங்க," என்றான். சொல்லிவிட்டு அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எங்கப்பாவுக்கா இருந்தா நான் எழுதத்தான் சொல்வேன்," என்று தரையைப் பார்த்துச் சொன்னான். நான் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவன்மீது எனக்கு இன்றுவரைக்கும் வருத்தம் இல்லை. கடைசியில் உண்மையைச் சொன்னானே.

அந்த வாரத்திலேயே இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு மூவரும் போனோம். வழியெல்லாம் என் வீட்டுக்காரர், "நீங்களே பேசிடுங்க அண்ணே, நீங்கதான் நல்லாக் கேப்பீங்க," என்று சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணன் ம், ம் என்று கேட்டுக்கொண்டார். எங்கள் முறை வந்து கவுண்டருக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவர் மட்டும் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் தங்கை வயதிருக்கும். பக்கத்தில் சாப்பாட்டுக் கேரியர் இன்னும் திறக்காமல் இருந்தது. சாப்பிடும் நேரத்தில் வந்துவிட்டோமே என்று எனக்குச் சங்கடம். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினாள். கம்பெனி பாலிசியிலிருந்து சொந்தப் பாலிசிக்கு மாறலாம், வேலை முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும், மனைவியையும் சேர்த்துக்கொள்ளலாம். இதுவரைக்கும் எனக்கும் புரிந்தது. அதற்குப் பிறகு காத்திருப்புக் காலம், அறை வரம்பு, இணைப் பங்கு என்று என்னென்னமோ வந்தது. என் வீட்டுக்காரர் தலை ஆடிக்கொண்டே இருந்தது. அவள் காகிதத்தைத் திருப்பி, "இங்க கையெழுத்துப் போடுங்க," என்றாள்.

அவர் பேனாவை எடுத்தார். எடுத்துவிட்டு அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் குனிந்து செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கே ஒன்றும் விளங்கவில்லை, நான் என்ன சொல்ல. சாமியை மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நெற்றி வேர்த்திருந்தது.

"அம்மா, எனக்குப் புரியலைம்மா," என்றார்.

அவரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். கோபித்துக்கொள்வாளோ என்று பார்த்தேன். சாப்பாட்டுக் கேரியரை எடுத்து மேசைமேல் வைத்து அடுக்கடுக்காகப் பிரித்தாள்.

"இங்க பாருங்கய்யா. இந்த அடுக்கு ஆஸ்பத்திரி ரூம் வாடகை. இது டாக்டர் ஃபீஸு. இது ஆபரேஷன். உங்க பாலிசியில ரூமுக்கு இவ்வளவுதான்னு ஒரு அளவு இருக்கு. நீங்க ஆசைப்பட்டு அதைவிட ரெண்டு மடங்கு வாடகையில ரூம் எடுக்கிறீங்கன்னு வைங்க. ரூமுக்கு மட்டும்தான் பாதி தருவோம்னு நினைப்பீங்க. அப்படி இல்ல. டாக்டர் ஃபீஸுலயும் பாதி, ஆபரேஷன்லயும் பாதிதான் வரும். ரூம் பெருசாக ஆக, மத்த அடுக்கெல்லாம் குறையும்."

"அப்ப சின்ன ரூமா எடுத்தா?"

"அளவுக்குள்ள எடுத்தா எல்லா அடுக்கும் முழுசு. ஆனா அதுலயும் ஒரு சின்னப் பங்கு நீங்க கட்டணும். வயசானவங்க பாலிசியில அப்படித்தான்." மூடியில் கொஞ்சம் சோற்றை எடுத்து வைத்துக் காட்டினாள். "இவ்வளவு உங்களோடது. மிச்சம் எங்களோடது."

"என் சர்க்கரையை எழுதினா சேத்துக்குவீங்களாம்மா?" அவருக்குத் தைரியம் வந்துவிட்டது.

"கம்பெனி பாலிசியில இருந்து நேரா வர்றதால, நீங்க அதுல இருந்த வருஷமெல்லாம் கணக்குல வரும். பழைய நோய்க்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வேலையை விட்டப்புறம் வந்திருந்தீங்கன்னா முதல்லேர்ந்து தொடங்கணும்."

பிறகு பிரீமியம் எவ்வளவு என்று சொன்னாள். எனக்குத் தலை சுற்றியது. வயது ஏற ஏற அதுவும் ஏறுமாம்.

"தெருவுல ஒரு சட்டை விடாம நீ இஸ்திரி போடணும்போல," என்று என் வீட்டுக்காரர் என் காதோரம் சொன்னார்.

"நீங்களும் வீட்டுல சும்மாத்தானே இருக்கப்போறீங்க. கரி போடுங்க," என்றேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து அண்ணன் சிரித்தது கேட்டது. அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் கால் மணியில் எல்லாம் முடிந்திருக்கும். பேசாமல் இருந்தாரே, அதுதான் அவர் எங்களுக்குச் செய்த உபகாரம். நாங்கள் வெளியே வரும்போது அந்தப் பெண் ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். அவள் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நான் அன்று சாயங்காலம் வேண்டிக்கொண்டேன்.

வேலையின் கடைசி நாளுக்கு முன்னாலேயே எங்கள் இருவர் பெயரிலும் புதுப் பாலிசியும் கார்டும் கைக்கு வந்துவிட்டன. அவருடைய சர்க்கரை, ரத்த அழுத்தம், காலில் இருந்த பழைய காயம் எல்லாம் பாலிசியில் எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் கண்ணாடியை மூக்கில் இறக்கி அதை வாசித்துவிட்டு, "எங்கம்மாகூட என்னைப் பத்தி இவ்வளவு குறை சொன்னதில்லை," என்றார். அடுத்த வாரத்திலிருந்து நிஜமாகவே என் கடையில் கரி போடத் தொடங்கினார். மடிக்கவும் கற்றுக்கொண்டார். காலர் மட்டும் அவருக்கு இன்றுவரைக்கும் வரவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் எந்தக் குறையும் இல்லாமல் போனது. பிரீமியத்தை இரண்டாம் தடவை கட்டியபோது, "ஒண்ணுமே ஆகலையே, காசு வீணாத்தானே போச்சு?" என்றார்.

"ஒண்ணும் ஆகாம இருந்ததுக்குச் சாமிக்கு நன்றி சொல்லுங்க," என்றேன்.

ஒரு காலை, மடித்த சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை எடுக்க வந்திருந்த ஒரு வாடிக்கையாளர்தான் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு, உடனே சரிசெய்ய வேண்டும் என்றார்கள். சேர்க்கை மேசையில் இருந்தவர் என்னைப் பார்த்து, "பாலிசி இருக்குதுல்லம்மா? அப்ப தனி ரூமாவே போட்டுடவா? ஏசி, டிவி எல்லாம் இருக்கு. கூட இருக்கிறவங்களுக்குக் கட்டிலும் உண்டு," என்றார்.

என் தம்பி அதற்குள் ஓடி வந்திருந்தான். "போடுங்க சார். அத்தானுக்கு நல்ல ரூமாப் போடுங்க. நம்ம காசா போகுது?" என்றான்.

நான் வேண்டாம் என்றேன்.

"என்னக்கா நீ? அவரு சாகக் கிடக்கிறாரு, இப்பவும் சிக்கனமா?"

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. ஆனாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன். "ஐயா, எங்க பாலிசிக்கு எந்த ரூம் வரைக்கும் சரின்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." அவர் பார்த்துவிட்டு ஒரு பொது அறையைச் சொன்னார். அவர் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

வைத்தியம் நடந்தது. ஆண்டவன் அவரைத் திருப்பித் தந்தான். பில்லில் பெரிய பங்கை இன்சூரன்ஸ் கட்டியது. எங்கள் பங்கை என் சேமிப்பிலிருந்து கட்டினோம். கடையை விற்கவில்லை, யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. டிஸ்சார்ஜ் ஆகிற அன்று என் தம்பி பில்லை வாங்கி வரிவரியாகப் பார்த்தான். ஆட்டோவில் ஏறும்போது, "அக்கா, அந்தத் தனி ரூம் எடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டான். வீடு வந்து சேரும்வரை அடுக்குக் கேரியர் கணக்கை அவனுக்குச் சொன்னேன்.

அந்தப் பொது அறையில் அவர் இருந்த நாளெல்லாம் லிஃப்ட் அண்ணன் தவறாமல் வந்தார். கட்டிலுக்குக் கட்டில் நலம் விசாரிப்பார். நர்ஸிடம் ஒவ்வொரு மாத்திரைக்கும் பெயர் கேட்பார். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு தாத்தாவிடம் அவர் பேரன் போல வந்து உட்கார்ந்துகொண்டு கஞ்சியை ஆற்றிக் கொடுப்பார். "உங்க அண்ணன் எங்களுக்கும் அண்ணனாம்மா?" என்று அந்தத் தாத்தா கேட்டார். அவருக்கு அண்ணனைவிட வயது அதிகம்.

அதற்கு அடுத்த வருடம் அண்ணியின் பார்வை மங்கத் தொடங்கியது. வேறு ஊரில் இருக்கும் மகளோடு போய் இருப்பதென்று முடிவு செய்தார்கள். வீட்டைக் காலிசெய்த அன்று சாமான் கட்ட நாங்கள் இருவரும் போனோம். கேரம் பலகையை என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, "வச்சுக்கோ. நேர்மையா ஆடு," என்றார் அண்ணன்.

"இதை நீங்க சொல்லுறீங்க," என்றார் அண்ணி உள்ளேயிருந்து.

போன மாதம் அவர் மகள் ஃபோன் செய்தாள். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டாராம். நோயில் கிடக்காமல், யாரையும் படுத்தாமல் போயிருக்கிறார். நான் அழுதேன். ஆனால் அழுகையைவிட நன்றிதான் அதிகம் வந்தது. இப்படி ஒருவரை எங்கள் கட்டடத்தில், எங்கள் காலத்தில் வைத்தானே அந்த ஆண்டவன்.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது பேருந்து நிலையத்தில். அண்ணியை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு அவர் படியில் நின்றிருந்தார். தண்ணீர் பாட்டிலை நான் உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இறங்கினேன். நன்றி சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்தே வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். "அண்ணே, நீங்க மட்டும் இல்லேன்னா இவரு..." என்று தொடங்கினேன். அண்ணனுக்கு நன்றி கேட்கப் பிடிக்காது. பேச்சை வெட்டி, என் வீட்டுக்காரருக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னார்.

"அவன் கெடக்கிறான், அவனுக்கு இனிமே கேக்கத் தெரியும். நீ இப்ப படி எறங்கும்போது முட்டியைப் பிடிச்சுக்கிட்டே, நான் பாத்தேன். நாளெல்லாம் நின்னே வேலை செய்யிற. அந்த கார்டுல உன் பேரும்தான் இருக்கு தங்கச்சி. நாளைக்கே போய் டாக்டர்கிட்ட காட்டு."